இழை மறைத்த இருள்

சிகாகோவைச் சேர்ந்த பாலி நிறுவனம் 1977-இல் 'எய்ட் பால்' என்ற பின்பால் இயந்திரத்தை வெளியிட்டது. மொத்தம் 20,230 இயந்திரங்கள் தயாராயின. அந்தச் சாதனையை முறியடிக்க 15 ஆண்டுகள் பிடித்தன. பாலி பெயரிலேயே 1992-இல் வந்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 என்ற எண்ணிக்கையை எட்டியது. இரண்டு இயந்திரங்களையும் இன்றும் பலர் பழுது பார்த்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டிலும் இருந்த பழைய சிறு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டியவர்கள் சொல்லும் குறை ஒன்றேதான்: விளக்கு சிமிட்டுகிறது. குறை ஒன்று என்றாலும் காரணம் ஒன்றல்ல. ஒரு இயந்திரத்தைக் குணமாக்கும் மருந்து இன்னொன்றை முடக்கிவிடும்.

பின்பால் என்பது கண்ணாடி மூடிய, சற்றே சரிந்த ஆட்டப் பலகை. 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு அதன்மேல் உருண்டு இறங்கும். கீழ் முனையில் இருக்கும் ஃபிளிப்பர் மட்டைகளால் ஆடுபவர் அதை மறுபடி மேலே அடித்து ஏற்ற வேண்டும். அடுத்து எந்த இலக்கை அடிக்க வேண்டும், எந்தப் பாதையில் பரிசு காத்திருக்கிறது என்பதையெல்லாம் அவருக்குச் சொல்பவை பலகையில் பதித்த வண்ண வில்லைகளுக்கு அடியில் எரியும் விளக்குகள். அவற்றில் ஒன்று தன் போக்கில் சிமிட்டினால் ஆடுபவருக்குப் பொய்ச் செய்தி போய்ச் சேரும். இதனால்தான் இந்தச் சிறிய கோளாறைச் சிறியதென்று ஒதுக்க முடிவதில்லை.

இயந்திரத்துக்குள் இரண்டு வகை விளக்குகள் உண்டு. பலகைக்கும் முகப்பு ஓவியத்துக்கும் பொதுவாக வெளிச்சம் தருபவை ஒரு வகை. ஆட்டத்தின் போக்குக்கேற்ப எரிந்து அணைபவை மற்றொரு வகை. இரண்டிலும் பல பத்தாண்டுகளாகக் குடியிருந்தவை 44, 47, 555 என்ற எண்களால் அறியப்படும் 6.3 வோல்ட் பல்புகள். 44-ஆம் எண் பல்பு கால் ஆம்பியர் இழுக்கும். 47 சிக்கனமானது, அதற்கு 0.15 ஆம்பியர் போதும். பொது விளக்குகள் 60 என்று வைத்துக்கொண்டால் 44-ஆம் எண் பல்புகளுக்கு மட்டும் 15 ஆம்பியர் ஓடுகிறது. அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் வளைகிறது, முகப்புக் கண்ணாடியின் பின்புறம் அச்சிட்ட ஓவியம் உரிகிறது, இணைப்பிகள் பழுப்பேறிக் கருகுகின்றன. அதே வேலையை எல்.இ.டி. 20 மில்லிஆம்பியர் அளவில் செய்துவிடுகிறது. பழைய ஓவியத்தைக் காப்பாற்ற நினைப்பவருக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

ஆனால் பழைய பல்பு வெளிச்சம் கொடுத்ததோடு நிற்கவில்லை. மின்வழங்கியின் ஒரு பகுதியாகவும் அது வேலை பார்த்து வந்தது.

வீட்டு மின்சாரம் அமெரிக்காவில் விநாடிக்கு 60 சுற்றும், ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் 50 சுற்றும் திசை மாறி ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை மின்னழுத்தம் பூஜ்யத்துக்கு வந்து போகும். அதாவது சிகாகோவில் விநாடிக்கு 120 தடவையும் பாரிஸில் 100 தடவையும் கம்பியில் ஒன்றுமே இல்லாத ஒரு கணம் உண்டு. டங்ஸ்டன் இழை அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. 2,000 டிகிரி செல்சியஸ் அளவில் தகிக்கும் இழை, அடுப்பை அணைத்த பிறகும் தோசையைச் சுடும் கல்லைப் போல, சேர்த்து வைத்த சூட்டைக் கொண்டு அந்த இடைவெளியைக் கடந்துவிடும். 6 வோல்ட் பல்பின் இழை, அதே வாட் கொண்ட 230 வோல்ட் பல்பின் இழையைவிடத் தடிமனானது. ஆகவே இன்னும் நிதானமாக ஆறும்.

எல்.இ.டி.க்குச் சேமிப்பு கிடையாது. மின்னோட்டம் நின்றால் ஒளியும் நின்றது. நாம் வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளிரும் பொருளைப் பூசியது. அந்தப் பூச்சின் ஒளியும் ஒரு மைக்ரோவிநாடிக்குள் அடங்கிவிடும். மின்சாரத்தில் என்ன நடக்கிறதோ அதை ஒளிவு மறைவில்லாமல் காட்டுகிறது எல்.இ.டி. சிமிட்டல் அதன் பிழை என்று பல்பை மாற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் பணத்தை வீணாக்குவது இதனால்தான். அது எந்த வகை மின்சாரத்தில் எரிகிறது என்பதிலிருந்து விசாரணையைத் தொடங்க வேண்டும்.

எளிய வகையிலிருந்து பார்க்கலாம். 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' ஃபிளிப்பரை அறிமுகப்படுத்தியது முதல், கணினிச் சில்லுகள் வந்து சேர்ந்த 1970களின் பிற்பகுதி வரை, ரிலேக்களாலும் காயில்களாலும் (மின்காந்தச் சுருள்களாலும்) ஓடிய இயந்திரங்களே கோலோச்சின. அவற்றில் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் 6.3 வோல்ட் ஏ.சி., அதாவது திசை மாறி ஓடும் மின்சாரம், நேராகப் பல்புக்குப் போகும். 6.3 என்பது ஆர்.எம்.எஸ். என்ற வகைச் சராசரி. அலையின் உச்சி 8.9 வோல்ட். வெள்ளை எல்.இ.டி. விழித்தெழ ஏறத்தாழ 3.2 வோல்ட் வேண்டும். ஏ.சி.யின் இரு திசைகளையும் பயன்படுத்துவதற்காகப் பல்புக்குள்ளேயே நான்கு டையோடுகளைக் கொண்ட பாலம் வைத்திருந்தால் அதற்கு இன்னொரு 1.4 வோல்ட். ஆக, அழுத்தம் 4.6 வோல்ட்டைத் தாண்டும்வரை இருட்டு. சைன் அலையில் இதைக் கணக்கிட்டால் ஒவ்வொரு அரைச் சுற்றின் 180 பாகையில் முதல் 31 பாகையும் கடைசி 31 பாகையும் ஒளியில்லாதவை. மூன்றில் ஒரு பங்கு நேரம் விளக்கு அணைந்தே கிடக்கிறது. 60 ஹெர்ட்ஸில் இந்த இருள் சுமார் 2.9 மில்லிவிநாடி. 50 ஹெர்ட்ஸில் 3.4.

நேராகப் பார்க்கும் கண்ணுக்கு விநாடிக்கு 120 தடவை வரும் இருள் பெரும்பாலும் தெரியாது. ஆனால் பின்பாலில் யாரும் விளக்கையே நேராகப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. பார்வை குண்டைத் துரத்துகிறது, விளக்குகள் ஓரக்கண்ணில் இருக்கின்றன. ஓரப் பார்வை சிமிட்டலுக்கு மிகவும் கூர்மையானது. போதாததற்கு, பளபளக்கும் எஃகுக் குண்டு பலகையைக் குறுக்காகக் கடக்கும்போது தொடர்ச்சியான கோடாகத் தெரிய வேண்டியது புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும். எல்.இ.டி. ஒளியின் ஏற்ற இறக்கம் பற்றி ஐ.ட்ரிபிள்.இ. என்ற மின்பொறியாளர் அமைப்பு 2015-இல் 1789 என்ற எண்ணில் பரிந்துரைகளை வெளியிட்டது. பாதிப்பு குறைவாக இருக்க, 120 ஹெர்ட்ஸில் ஏற்ற இறக்கம் 9.6 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது, 100 ஹெர்ட்ஸில் 8-ஐத் தாண்டக்கூடாது என்பது அதன் அளவுகோல். நம் பல்பு முழுமையாக அணைந்து எரிகிறது. ஏற்ற இறக்கம் 100 விழுக்காடு.

பாலமே இல்லாத மலிவு பல்பு இதைவிட மோசம். அலையின் ஒரு பாதியில் மட்டும் எரிந்து, மறுபாதி முழுவதும் அணைந்திருக்கும். விநாடிக்கு 60 அல்லது 50 சிமிட்டல் பலருடைய கண்ணுக்கு வெளிப்படையாகவே தெரியும். மறுபாதியில் 8.9 வோல்ட் தலைகீழாகவும் தாக்குகிறது. பெரும்பாலான எல்.இ.டி.களுக்குத் தலைகீழ் அழுத்தத்தின் எல்லை 5 வோல்ட். இப்படிப்பட்ட பல்பை ஏ.சி.யில் மாட்டவே கூடாது. அமெரிக்காவில் ஒழுங்காக இருந்த பல்பு ஐரோப்பாவுக்கு வந்ததும் சிமிட்டத் தொடங்கியது என்ற புகாருக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. ஏற்றுமதி இயந்திரத்தின் டிரான்ஸ்ஃபார்மரில் 120, 220, 240 வோல்ட்டுக்கு ஏற்ப இணைப்பை மாற்றிக்கொள்ளலாம். அலைவெண்ணை மாற்ற வழியில்லை.

தீர்வு என்ன? ஏ.சி.யைப் பாலத்தால் ஒரே திசையில் ஓடும் டி.சி.யாக்கி, பெரிய மின்தேக்கி ஒன்றால் அலையைச் சமப்படுத்திவிடலாம். 60 எல்.இ.டி.க்கு 1.2 ஆம்பியர். அலைவு ஒரு வோல்ட்டுக்குள் அடங்க 60 ஹெர்ட்ஸில் சுமார் 10,000 மைக்ரோஃபாரட் போதும், 50 ஹெர்ட்ஸில் 12,000. ஒரு கைக்குள் அடங்கும் பொருள். இதையே 15 ஆம்பியர் இழுத்த பழைய பல்புகளுக்குச் செய்திருந்தால் 1,25,000 மைக்ரோஃபாரட் தேவைப்பட்டிருக்கும். அன்றைய பொறியாளர்கள் மின்தேக்கி வைக்காமல் விட்டதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது. இழை இலவசமாகச் செய்த வேலைக்கு இன்னொரு பொருளை வாங்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இருக்கவில்லை.

இந்த மாற்றத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. மின்தேக்கி அலையின் உச்சியைப் பிடித்துக்கொள்வதால் பல்புக்குக் கிடைப்பது 6.3 அல்ல, 7.5 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம். போதாக்குறைக்கு, 15 ஆம்பியர் சுமைக்காகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் சுமை குறைந்ததும் அழுத்தம் இன்னும் சற்று ஏறும். அளந்து பார்த்து அதற்கேற்ற பல்பை வாங்க வேண்டும். இரண்டாவது, சில பழைய இயந்திரங்களில் விளக்குச் சுற்றும் காயில் சுற்றும் ஒரே பொதுக் கம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. சுற்றுப்படத்தைப் பார்க்காமல் நடுவே பாலத்தை நுழைத்தால் ஃப்யூஸ் போகும்.

இனி 'எய்ட் பால்'. மேலே சொன்ன வைத்தியம் அதன் கட்டுப்பாட்டு விளக்குகளுக்கு விஷம்.

பாலியின் முதல் தலைமுறைக் கணினி இயந்திரங்களில் மோட்டோரோலா 6800 நுண்செயலி இருக்கிறது. விளக்குகளை இயக்கத் தனியாக ஒரு மின்பலகை. அதில் 60 எஸ்.சி.ஆர்.கள். எஸ்.சி.ஆர். என்பது ஒரு வழிக் கதவு. அதன் வாசலில் ஒரு சிறு மின்துடிப்பு கொடுத்தால் திறந்துகொள்ளும். துடிப்பு போன பிறகும் தன்வழியே போதிய மின்னோட்டம் ஓடும்வரை திறந்தே இருக்கும். மின்னோட்டம் ஒரு எல்லைக்குக் கீழே, பொதுவாகச் சில மில்லிஆம்பியருக்குக் கீழே இறங்கினால் மூடிக்கொள்ளும். மூடச் சொல்லித் தனியாகக் கட்டளையிட முடியாது. பாலியின் பொறியாளர்கள் இந்தக் குணத்தை மிக அழகாகப் பயன்படுத்தினார்கள். விளக்குகளுக்கான டி.சி.யை வேண்டுமென்றே சமப்படுத்தாமல் விட்டார்கள். அழுத்தம் விநாடிக்கு 120 தடவை பூஜ்யத்தைத் தொடும்போதெல்லாம் எல்லா எஸ்.சி.ஆர்.களும் தாமாகவே மூடிக்கொள்ளும். அந்தக் கணத்தைக் கணினி உணர்ந்து, அடுத்த அரைச் சுற்றில் எந்தெந்த விளக்கு எரிய வேண்டுமோ அவற்றுக்கு மட்டும் புதிதாகத் துடிப்பு அனுப்பும். அணைக்க வேண்டிய விளக்குக்குத் துடிப்பு அனுப்பாவிட்டால் போதும்.

இங்கே மின்தேக்கி போட்டால் பூஜ்யம் வரவே வராது. ஒருமுறை திறந்த எஸ்.சி.ஆர். மூடவும் செய்யாது. ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் பலகையிலுள்ள விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து, எரிந்தபடியே நின்றுவிடும்.

இதில் எல்.இ.டி. ஏன் சிமிட்டுகிறது? துடிப்பு வருவது அரைச் சுற்றின் தொடக்கத்தை ஒட்டி. அந்நேரம் அழுத்தம் இன்னும் ஏறியிருக்காது. 44-ஆம் எண் பல்பின் இழைக்குச் சூட்டில் 25 ஓம் மின்தடை, ஆறியிருந்தால் அதைவிட மிகக் குறைவு. அரை வோல்ட் கிடைத்தாலே 20 மில்லிஆம்பியர் ஓடிவிடும், கதவு திறந்தபடி நிற்கும். எல்.இ.டி.யோ 3 வோல்ட்டுக்குக் கீழே ஒன்றுமே இழுக்காது. துடிப்பு வருகிறது, பிடித்துக்கொள்ள மின்னோட்டம் இல்லை, கதவு மூடிக்கொள்கிறது, அழுத்தம் ஏறி எல்.இ.டி. தயாராகும்போது துடிப்பு போய்விட்டிருக்கிறது. சில அரைச் சுற்றுகளில் எப்படியோ தொற்றிக்கொள்ளும், சிலவற்றில் தவறவிடும். அந்த ஒழுங்கற்ற நடுக்கத்தைத்தான் கண் பார்க்கிறது. தாளம் தவறாத 120 ஹெர்ட்ஸ் சிமிட்டலிலிருந்து இதைப் பிரித்தறிவது எளிது. இது சீராக இராது, ஒரே பலகையில் ஒரு விளக்குக்கு ஒரு மாதிரியும் இன்னொன்றுக்கு வேறு மாதிரியும் இருக்கும்.

நோய் புரிந்தால் மருந்தும் மலிவு. விளக்குக்குப் பக்க இணைப்பாக 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால் 6 வோல்ட்டில் 13 மில்லிஆம்பியர் அதன் வழியே ஓடும். எல்.இ.டி. விழிக்காத நேரத்திலும் எஸ்.சி.ஆர். பிடித்துக்கொள்ள இதுவே போதும். ரெசிஸ்டரில் வீணாவது வாட்டில் பத்திலொரு பங்குகூட இல்லை. ஒவ்வொரு விளக்கிலும் பற்றவைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, விளக்குப் பலகையின் இணைப்பியில் செருகும் ரெசிஸ்டர் தொகுப்புகளும், எல்.இ.டி.க்கு ஏற்ப வடிவமைத்த மாற்று விளக்குப் பலகைகளும் கிடைக்கின்றன. அன்றைய ஸ்டெர்ன் நிறுவனத்தின் இயந்திரங்களும் பாலியை ஒட்டிய மின்னணுவியலையே கொண்டவை என்பதால் அவற்றுக்கும் இதே சிகிச்சைதான்.

'தி ஆடம்ஸ் ஃபேமிலி' வந்த காலத்தில் பாலி பெயர் வில்லியம்ஸ் குழுமத்தின் கைக்குப் போய்விட்டது. விளக்குகளும் வில்லியம்ஸ் வழியில் இயங்கின. எட்டு நிரலும் எட்டு வரிசையும் கொண்ட அடுக்கு. 16 கம்பிகளால் 64 விளக்குகள். கணினி முதல் நிரலுக்கு 18 வோல்ட் கொடுத்து, அதில் எரிய வேண்டிய வரிசைகளைத் தரையோடு இணைக்கும். இரண்டு மில்லிவிநாடி கழித்து அதை விட்டுவிட்டு அடுத்த நிரல். எட்டும் முடிய 16 மில்லிவிநாடி. 6.3 வோல்ட் பல்புக்கு 18 வோல்ட்டா என்று திடுக்கிட வேண்டாம். எட்டில் ஒரு பங்கு நேரம் மட்டும் கிடைக்கும் 18 வோல்ட், இழையைச் சூடாக்கும் அளவில், 18-ஐ எட்டின் வர்க்கமூலத்தால் வகுத்த அழுத்தத்துக்குச் சமம். வகுத்தால் வருவது 6.36. இந்த ஒரு எண்ணில் அந்த வடிவமைப்பின் முழு அறிவும் தெரிகிறது. இழையின் மந்தத்தையே அடிப்படையாக வைத்து எழுதிய கணக்கு அது.

இழையை எடுத்துவிட்டால் மிஞ்சுவது விநாடிக்கு 62.5 தடவை இரண்டு மில்லிவிநாடி மின்னிவிட்டு 14 மில்லிவிநாடி இருளில் கிடக்கும் விளக்கு. ஓரக்கண் இதைத் தவறவிடாது. ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்பது இங்கே பொருட்டல்ல, இது கணினியின் சொந்தத் தாளம். மின்தேக்கி நலமாக இருக்கும்வரை, என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 18 வோல்ட்டைச் சமப்படுத்தும் பெரிய மின்தேக்கிகள் வயதாகி வலுவிழந்தால் 120 அல்லது 100 ஹெர்ட்ஸ் அலைவு உள்ளே நுழைந்து 62.5 ஹெர்ட்ஸ் தாளத்தோடு மோதும். கணக்குப்படி, 60 ஹெர்ட்ஸ் நாட்டில் அந்த மோதல் விநாடிக்கு 5 தடவை நிகழும் மெதுவான அசைவாகத் தெரியும். 50 ஹெர்ட்ஸ் நாட்டில் அதுவே 25 தடவை, படபடப்பாக. ஒரே இயந்திரம், ஒரே நோய், இரண்டு நாட்டில் இரண்டு தோற்றம்.

இதே அடுக்கில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு நிரலின் டிரான்சிஸ்டர் முழுவதும் மூடுவதற்குச் சிறிது நேரம் எடுக்கும். அதற்குள் அடுத்த நிரலுக்கான வரிசைகள் திறந்துவிட்டால், எரியக் கூடாத ஒரு விளக்கின் வழியே மைக்ரோவிநாடிக் கணக்கில் மின்னோட்டம் கசியும். இழைக்கு அது உறைக்கவே உறைக்காது. எல்.இ.டி. மங்கலாக ஒளிரும். பேய் வெளிச்சம் என்று இதைச் சொல்கிறார்கள். உள்ளே ஒரு ரெசிஸ்டரை வைத்து அந்தக் கசிவை விழுங்கிக்கொள்ளும் பல்புகள் இதற்கென்றே வருகின்றன. சிமிட்டலையும் பேய் வெளிச்சத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னது எரிய வேண்டிய விளக்கு எரியாமல் போவது, பின்னது எரியக் கூடாதது எரிவது.

இந்த இயந்திரத்தின் பொது விளக்குகள் இன்னொரு கதை. அவற்றுக்குப் போவது ஏ.சி. ஆனால் ஐந்து சரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு டிரையாக் வழியே கணினி மங்கச் செய்ய முடியும். டிரையாக் இரு வழிக் கதவு. எஸ்.சி.ஆர். போலவே அதற்கும் பிடித்துக்கொள்ள மின்னோட்டம் வேண்டும், அதுவும் கூடுதலாக. சரம் முழுவதும் எல்.இ.டி. ஆகிவிட்டால், குறிப்பாக வெளிச்சத்தைக் குறைக்கும் கட்டங்களில், அது தடுமாறும். ஒவ்வொரு சரத்திலும் ஒரு பழைய பல்பை மட்டும் விட்டுவைப்பது பழுதுபார்ப்பவர்கள் கண்ட எளிய வழி. அந்த ஒற்றை இழை இழுக்கும் கால் ஆம்பியர், டிரையாக்கைத் திறந்தபடி வைத்திருக்கும். யாரும் ஆடாதபோது வெளிச்சத்தைக் குறைக்கும் மின்சேமிப்பு வசதியை அமைப்புப் பட்டியலில் அணைத்துவிட்டாலும் பாதி நடுக்கம் போய்விடும்.

மின்னணுவியலைக் குற்றம் சொல்லும் முன் துருவையும் சந்தேகிக்க வேண்டும். 40 ஆண்டு வயதான பல்பு ஹோல்டரில் அடித் தகடும் பக்கச் சுவரும் வெறும் அழுத்தத்தால் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆக்சைடு படிந்தால் தொடர்பு நடுங்கும். கால் ஆம்பியர் மின்னோட்டம் ஓடிய காலத்தில் மெல்லிய படலத்தைச் சூடு துளைத்துவிடும். 20 மில்லிஆம்பியருக்கு அந்த வலு இல்லை. 'ஆடம்ஸ் ஃபேமிலி' காலத்து மின்பலகையில் பொது விளக்குகளுக்கான ஜே120, ஜே121 இணைப்பிகள் கருகியிருப்பது பழுதுபார்ப்பவர் எவருக்கும் பழகிய காட்சி. கருகிய இணைப்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்வது நிற்காது. பலகையிலுள்ள ஊசிகளையும் கம்பியின் முனைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

காரணத்தைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சிமிட்டும் இடத்தில் ஒரு பழைய 44-ஆம் எண் பல்பை மாட்டுங்கள். அதுவும் சிமிட்டினால் கோளாறு ஹோல்டரிலோ கம்பியிலோ இணைப்பியிலோ. நிதானமாக எரிந்தால் எல்.இ.டி.க்கும் மின்வழங்கிக்கும் இடையில். பிறகு அந்த எல்.இ.டி.யைத் தனியே எடுத்து நான்கு 1.5 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து எரித்துப் பாருங்கள். பேட்டரியில் அலை இல்லை, கதவு இல்லை, தாளம் இல்லை. அதிலும் நடுங்கினால் மட்டுமே பல்பு கெட்டது. எரியவே இல்லையென்றால் முனைகளை மாற்றிப் பார்க்க வேண்டும், பாலமில்லாத பல்புக்குத் திசை உண்டு. அடுத்தது கைப்பேசி. மெதுவோட்டக் காணொளியில் விநாடிக்கு 240 படம் எடுத்துப் பார்த்தால் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்து எரிகின்றனவா (ஏ.சி. அலை), நிரல் நிரலாக ஓடுகின்றனவா (அடுக்கு), ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தவறுகின்றனவா (எஸ்.சி.ஆர்.) என்பது பளிச்சென்று தெரியும். மீட்டரில் 5 வோல்ட் காட்டுகிறதே என்று மட்டும் நிம்மதி அடையக் கூடாது. சமப்படுத்தாத டி.சி.யைச் சாதாரண மீட்டர் சராசரியாகவே காட்டும், உச்சியும் பூஜ்யமும் அதில் மறைந்துபோகும்.

சிமிட்டுவதற்காகவே செய்த பல்பும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். 455-ஆம் எண் பல்புக்குள் சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு இருக்கிறது. முகப்பு ஓவியத்தில் சில இடங்கள் தாமாக மினுக்கட்டும் என்று அதை வைத்தார்கள். அதைக் கோளாறு என்று கழற்றி எறிந்துவிட்டால் ஓவியத்தின் உயிர்ப்பே போய்விடும்.

கைவைக்கும் முன் மின்செருகியைப் பிடுங்க வேண்டும். 6 வோல்ட் ஆளைத் தூக்கி எறியாதுதான். ஆனால் 'எய்ட் பால்' மதிப்பெண் காட்டிகளுக்கு 190 வோல்ட்டை ஒட்டிய டி.சி. ஓடுகிறது. காயில்களுக்கு 43 வோல்ட். ஸ்க்ரூடிரைவர் நழுவி காயில் முனையையும் விளக்குக் கம்பியையும் ஒரு கணம் இணைத்தால் போதும், விளக்குப் பலகை போய்விடும்.

எல்.இ.டி.யை மனதில் வைத்தே வடிவமைத்த இயந்திரங்களில் இந்தக் கணக்குகள் மாறுகின்றன. 2013-இல் வெளிவரத் தொடங்கிய ஜெர்சி ஜாக் நிறுவனத்தின் 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' முழுக்க எல்.இ.டி. விளக்குகளோடு வந்தது. ஸ்டெர்ன் 2015 முதல் ஸ்பைக் என்ற அமைப்புக்கு மாறி, ஆட்டப் பலகையின் அடியில் ஆங்காங்கே சிறு மின்பலகைகளை வைத்து விளக்குகளை அங்கிருந்தே இயக்குகிறது. இவற்றில் ஒரு விளக்குக் கூட்டம் மொத்தமாக நடுங்கினால் இழை, எஸ்.சி.ஆர். பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பகுதிக்குப் போகும் கேபிளிலும் மின்வழங்கியிலும் தேட வேண்டும்.

பழைய வில்லியம்ஸ் அடுக்குக்கு இன்று கிடைக்கும் முழுமையான தீர்வு, மின்பலகைக்கும் விளக்குக் கம்பிகளுக்கும் நடுவில் செருகும் எல்.இ.டி. ஓ.சி.டி. என்ற சிறு பலகை. கணினி எந்த விளக்கை எவ்வளவு நேரம் எரியச் சொல்கிறது என்பதை அது முதலில் கேட்டுக்கொள்கிறது. பிறகு எல்.இ.டி.களைத் தன் சொந்தத் தாளத்தில் எரிக்கிறது. சிமிட்டலும் பேய் வெளிச்சமும் நின்றுபோவது இதன் பாதிப் பயன்தான். 1990களின் நிரலர்கள் ஒரு விளக்கை மெல்ல ஏற்றி மெல்ல இறக்க விரும்பினால் அதை வேகமாக அணைத்து எரித்தார்கள். இழை அந்தத் துண்டுகளைக் குழைத்து மென்மையாக்கியது. எல்.இ.டி.யில் அது வெட்டு வெட்டாகத் தெரிந்தது. இந்தப் பலகை ஒரு விளக்கு எவ்வளவு வேகமாகப் பிரகாசமடைய வேண்டும், எவ்வளவு மெதுவாக ஆற வேண்டும் என்பதை வளைகோடாகக் கணக்கிட்டு எல்.இ.டி.க்குக் கொடுக்கிறது. வளைகோட்டை உரிமையாளரே தேர்ந்தெடுக்கலாம். சிவப்பு வில்லைக்கு அடியில் ஒன்று, மஞ்சளுக்கு அடியில் வேறொன்று என்று விளக்குக்கு விளக்கு மாற்றியும் அமைக்கலாம்.